பஞ்சவர்ணம் நிறுத்திய விமானம்

பொட்டல்வயலுக்கு மேலே ஒரு விமானம் நின்றுகொண்டிருந்த வருஷத்தில், அதை அங்கே நிறுத்தி வைத்தவள் பஞ்சவர்ணம் என்பது ஊரில் கைக்குழந்தைகள் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் அது எப்படி நின்றது, யார் நிறுத்தியது என்று கேட்டால், தானாக நின்றது என்று டீக்கடையிலும், ஆண்டவன் நிறுத்தினான் என்று கோயிலடியிலும், மேலிடத்து உத்தரவு என்று பஞ்சாயத்து ஆபீசிலும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிறகு சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் பஞ்சவர்ணத்தைப் பார்க்கும்போது, உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை பார் என்பது போல ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வேண்டாம் என்று அவளுக்கு இருக்கும்.

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன சிமெண்டு ஓடுபாதை ஒன்று ஊருக்குக் கிழக்கே கிடந்தது. போட்டதற்குப் பிறகு அதில் எந்த விமானமும் வரவில்லை, நெல்லும் மிளகாயும் காய்ந்தன, மாட்டுவண்டிப் பந்தயம் ஓடியது, கல்யாணமாகாதவர்கள் மோட்டார் சைக்கிள் பழகினார்கள். அப்புறம் ஒரு காலத்தில், சொந்தமாகச் சின்னச் சின்ன விமானம் வைத்திருக்கிற ஆட்கள் சங்கம் ஒன்று இந்தப் பாதையைக் கண்டுபிடித்து, தை மாதம் பொங்கல் முடிந்து வானம் வெளுத்ததும் எல்லோரும் இங்கே பறந்து வந்து கூடுவது என்று வைத்துக்கொண்டார்கள். வந்தால் விமானத்தின் பக்கத்திலேயே கூடாரம் அடித்துப் படுத்துக்கொண்டு, ஒருவர் விமானத்தை ஒருவர் சுற்றிப் பார்த்து, இளநீர் குடித்து, பேசித் தீர்த்துவிட்டு மறுபடி பறந்துபோவார்கள். வருகிற விமானங்களை வழிகாட்டி, ஒன்றோடொன்று இறக்கை உரசாமல் வரிசையாக நிறுத்துவதற்கு ஊரில் ஆள் கேட்டார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடும் தொப்பியும் உண்டு என்றார்கள். ஆண்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். மகளிர் குழுப் பெண்கள் எதற்குக் கூப்பிட்டாலும் போகிறவர்கள் என்பதால் இதற்கும் போனார்கள். முதலில் கை தூக்கியவள் பஞ்சவர்ணம், வேறு யாராவது போய்த் தப்பும் தவறுமாகச் செய்து யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்.

அவள் எதற்கும் பயப்படுகிறவள்தான். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு இது நம்ம பஸ்தானா என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்பாள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் போன் செய்தால் என்னமோ ஆகிவிட்டது என்று எடுப்பாள், செய்யாவிட்டால் என்னமோ ஆகிவிட்டது என்று இவளே செய்வாள். ஆனால் ஓடுபாதை வேலைக்கு அந்தப் பயம் ஒத்துக்கொண்டது. விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம் என்பவர்தான் சங்கத்தின் சார்பில் வந்து, ஒரு டிராக்டரை விமானமாக வைத்துக்கொண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓடுபாதையில் கூழாங்கல் கிடந்தால் விமானத்தின் மூக்கில் சுற்றும் விசிறி அதை இழுத்து உடையும், ஆகவே குனிந்து குனிந்து பொறுக்க வேண்டும். பஞ்சவர்ணம் ஒரு தரம் பொறுக்கிய இடத்தை இன்னொரு தரம் பொறுக்கினாள். ஓட்டுகிறவர் கண் உனக்குத் தெரிந்தால்தான் உன் கை அவருக்குத் தெரியும், கண் தெரியாத இடத்தில் நிற்காதே என்றார். முன்னால் ஆள் இருக்கும்போது விமானத்தைக் கூப்பிடக் கூடாது என்றார். தனியாகப் பின்னோக்கி நடக்கக் கூடாது, நடந்தால் முதுகுப் பக்கம் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு விமானத்தை நீ கையில் எடுத்துவிட்டால் அது உன் விமானம், நீயாக அனுப்பும் வரை அல்லது கை நீட்டி அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும் வரை அது வேறு யார் கைக்கும் கட்டுப்படாது, கட்டுப்படவும் கூடாது என்றார். பெண்கள் தலையாட்டினார்கள். அவர் கடைசியாக, விமானத்துக்குக் கைகாட்டும் இந்தச் சிவப்பு மட்டைகள் கையில் இருக்கும்போது கொசு கடித்தாலும் கையைத் தூக்காதீர்கள் என்று சொன்னதற்குச் சிரித்தார்கள்.

தேவசகாயம் சொன்னபடியே எல்லாம் நடந்தது. பஞ்சவர்ணம் இடது கையை நீட்டி வலது கையால் வா வா என்றால், உறுமிக்கொண்டு வந்த அந்தப் பெரிய சாமான் பசுக்கன்று மாதிரித் திரும்பியது. இரண்டு மட்டைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் நின்றது. வீட்டில் அவள் சொல்லி எந்தக் காரியமும் நடந்ததில்லை. அவள் புருஷன் சேவுகப்பெருமாள் அவள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு வேறொன்று செய்கிறவர், பிள்ளைகள் முழுக்கக் கேட்காமலே செய்கிறவர்கள். ஆகவே தை மாதத்து அந்த மூன்று நாட்களை அவள் யாரிடமும் பேசாமல் உள்ளுக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் கூட்டத்தின் கடைசி நாள் காலை. ஓடுபாதை ஓரத்து வேப்பமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். மட்டையைத் தொடும் முன் அவர் எதிரே நின்று, வலது கையால் இடது பொட்டிலும் இடது கையால் வலது பொட்டிலுமாகக் கைகளைக் குறுக்கே போட்டுக் குட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குவது பஞ்சவர்ணத்தின் வழக்கம். அன்றைக்குப் பாதையில் ஒரு கம்பித் துண்டு கிடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மட்டையோடு ஓடிப்போய் அதை எடுத்து, வேறு துண்டு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, தன் இடத்துக்கு வந்து நிற்கும்போது கிழக்கே விமானம் இறங்கிவரும் சத்தம் கேட்டது. அப்போதுதான் பிள்ளையாரைக் கும்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கும்பிடாமல் தொட்ட காரியம் என்ன ஆகுமோ என்று பயந்தாள். நின்ற இடத்திலேயே, இரண்டு கையிலும் மட்டையோடு, அவள் நெற்றிக்கு நேரே கைகளைக் குறுக்கே போட்டுக் குட்டிக்கொண்டாள்.

அந்த விமானத்தை ஓட்டி வந்தவள் பெனிட்டா என்ற பெண். தூத்துக்குடிக்காரி, தனியாக இந்தக் கூட்டத்துக்கு வருவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடி செய்கிறவள் என்று பெயரெடுத்த பிள்ளை. கீழே ஒரு பெண் சிவப்பு மட்டைகளைக் குறுக்கே பிடிப்பதைப் பார்த்தாள், நிறுத்தினாள். எப்படியம்மா நிறுத்தினாய் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கத்திக் கேட்டார்கள், நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்தினேன் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் சொல்லவில்லை.

பனைமரத்துக்குக் கொஞ்சம் மேலே அது நின்றது. விசிறி மட்டும், ஒன்றாம் நம்பரில் வைத்த மின்விசிறியைப் போல மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரும் சங்கமும் ஓடிவந்து அதற்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். தேவசகாயம் முதலில் தான் கைகாட்டிப் பார்த்தார், பிறகு மற்ற பெண்களைக் காட்டச் சொன்னார், விமானம் அசையவில்லை. நிறுத்தியவள்தான் கூப்பிட வேண்டும் என்று எல்லோரும் பஞ்சவர்ணத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அவள் ஒரு தடவை வா என்றாள். விமானம் ஒரு குலுங்கு குலுங்கி, தென்னை ஓலை விழுகிற மாதிரி அவளை நோக்கி இறங்கியது. கீழே நின்ற கூட்டம் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடியது, கைக்குழந்தையோடு ஒருத்தி விழுந்தாள், பஞ்சவர்ணம் மறுபடியும் மட்டைகளைக் குறுக்கே போட்டுவிட்டாள். விமானம் நின்றது. பஞ்சாயத்துத் தலைவர் அன்று சாயங்காலமே அவள் கையிலிருந்து மட்டைகளை வாங்கிக்கொண்டுபோய் ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அதிகாரிகள் வந்தார்கள். பறக்கிற விமானத்துக்கு விதி இருக்கிறது, தரையில் இருக்கிற விமானத்துக்கும் விதி இருக்கிறது, இது இரண்டும் இல்லையே என்றார்கள், மேலிடத்தில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. சங்கத்துக்காரர்கள் அடுத்த தை வரைக்கும் பார்க்கலாம் என்று தங்கள் தங்கள் விமானத்தில் ஏறிப் போனார்கள். தேவசகாயத்துக்கு மகள் வீட்டில் பேறுகாலம், அவரும் போனார். ஊர் இருந்தது, விமானம் இருந்தது, உள்ளே பெனிட்டா இருந்தாள்.

முதலில் சாப்பாட்டுக்கு வழி செய்தார்கள். விமானத்தில் ஒரு கயிறு இருந்தது, அதை அவள் கீழே விட, ஒரு வாளி கட்டி அனுப்பினார்கள். இன்ன கிழமை இன்ன தெரு என்று முறை வைத்துக்கொண்டார்கள். மேலே போகிற வாளி ஒன்று, கீழே வருகிற வாளி ஒன்று, கீழே வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, முறைக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார்கள்.

மாசி முடிந்து வெயில் ஏறியதும் விமானத்தின் நிழல் எவ்வளவு நல்ல நிழல் என்பது தெரிந்தது. பொட்டலில் அதற்கு முன் நிழல் என்று ஒன்று கிடையாது. காலையில் அது மேற்கே கிடந்தது, உச்சிப் பொழுதில் காலடிக்கு வந்தது, சாயங்காலம் கிழக்கே போனது. அதனால் டீக்கடைக்காரர் கடைக்குச் சக்கரம் வைத்தார். அவரைப் பார்த்து வடைக்காரரும் வளையல்காரரும் சக்கரம் வைத்தார்கள். நிழல் நகர நகர நாளெல்லாம் கடைகள் மெல்ல உருண்டு நகர்ந்தன, சாப்பிடுகிறவர்கள் கையில் தட்டோடு கூடவே நடந்தார்கள். பஸ் கண்டக்டர் அந்த இடத்தை ஏரோப்ளேன் ஸ்டாப் என்றார். கல்யாணத்துக்கு நாள் பார்த்தவர்கள் மாலையும் கழுத்துமாக அதன் கீழே வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வரவர வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கூடினார்கள், அவர்கள் வண்டிகளை நிறுத்த இடம் வேண்டியிருந்தது, சேவுகப்பெருமாள் நாலு பக்கமும் கயிறு கட்டி ஒரு ஸ்டாண்டு போட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தொழில் அவருக்குக் கைகொடுத்தது. இரண்டு கையையும் ஆட்டி, ரிவர்ஸ் வா, ஒடி, ஒடி, போதும் என்று வண்டிகளை வரிசையாக நிறுத்துகிற அவரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே பஞ்சவர்ணம் போவாள்.

பெனிட்டாவின் தாயார் ஸ்டெல்லா டீச்சர் முதல் நாள் அழுதுகொண்டே வந்தாள். இரண்டாம் நாள் ஊரில் ஒரு அறை எடுத்தாள். புருஷன் போன பிறகு ஒற்றை மகளோடு இருந்தவள், அந்த மகளும் இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர் என்று பறந்துகொண்டிருந்ததால், எந்த நேரத்தில் எங்கே இருக்கிறாளோ என்று வருஷக்கணக்கில் தூக்கம் கெட்டவள். இப்போது அறை ஜன்னலைத் திறந்தால் மகள் தெரிந்தாள். கொஞ்ச நாளில் டீச்சர் முகத்தில் சதை பிடித்தது. நிழலில் பெஞ்சு போட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள், நடுநடுவே அண்ணாந்து, பெனி, தண்ணி குடிச்சியா என்றாள். குடிச்சேன்மா என்று மேலிருந்து பதில் வரும்.

பஞ்சவர்ணம் தன் முறைக்குச் சோறு கொண்டுபோகிற நாளில் கூட்டம் சேருமுன் விடிந்ததும் போய்விடுவாள். அப்படி ஒரு நாள் மேலே பார்த்து, தாயி, என்னை மன்னிச்சுக்க என்று சொன்னாள். அந்தப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, கோபமில்லாமல் சொன்னாள்.

"அக்கா, நிறுத்துனது நீங்க. நீங்க கூப்பிட்டாத்தான் நான் வர முடியும். கூப்பிடுவீங்கல்ல?"

கூப்பிடுவேன் என்றாள் பஞ்சவர்ணம். கீழே ஆள் இல்லாத ஒரு வேளை கிடைக்க வேண்டுமே என்று அன்றிலிருந்து பார்த்தாள், கிடைக்கவில்லை. பகலில் கடைகள், பொழுது சாய்ந்தால் காற்று வாங்க வந்து, விடிந்து கடை திறக்கும் வரை படுத்துத் தூங்குகிறவர்கள். கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று தலைவரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர், ஒரு தடவை நீ கூப்பிட்டதற்கே ஊர் நசுங்கியிருக்கும், அந்தப் பிள்ளைக்கு மேலே என்ன குறை, வேளாவேளைக்குச் சாப்பாடு போகிறது என்றார்.

குறை என்ன என்பது பஞ்சவர்ணத்துக்குத்தான் தெரிந்தது. விசிறி சுற்றிக்கொண்டே இருந்ததால் விமானத்திலிருந்த பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தது, தீரத் தீர அது லேசாகி மேலே போனது. ஒவ்வொரு அமாவாசைக்கும் வாளிக் கயிற்றோடு பத்து முழம், இருபது முழம் சேர்த்து முடிச்சுப் போட வேண்டி வந்தது. ஊர் அதையும் வழக்கமாக்கிக்கொண்டு, கயிற்றுக்கு மஞ்சள் தடவி முடிச்சுப் போட்டது. முன்பெல்லாம் பெனிட்டாவின் கண்ணிமை கொட்டுவது கீழே தெரியும். பிறகு கண் தெரிந்தது. பிறகு கண் இருக்கிற இடம் தெரிந்தது. அவள் குரல் கொசுவின் குரலாகிவிட்டது. கண் தெரியாவிட்டால் கை தெரியாது, கை தெரியாவிட்டால் கூப்பிட முடியாது, அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை இறக்க உலகத்தில் ஒருத்தராலும் ஆகாது.

தாயாரிடமாவது சொல்லலாம் என்று பஞ்சவர்ணம் ஸ்டெல்லா டீச்சரின் அறைக்குப் போனாள். டீச்சர் மகளுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி, ஒரு துண்டு மீனும் கொடுத்தாள்.

"டீச்சர், இன்னும் ரெண்டு அமாவாசை போனா உங்க பொண்ணு முகம் உங்களுக்கே தெரியாது."

டீச்சர் மீனைத் திருப்பிப் போட்டாள். "முகம் தெரியாட்டி என்ன பஞ்சவர்ணம்? எங்க இருக்கான்னு தெரியுதே. நீங்க ஒரு பிள்ளையை வானத்துக்கு அனுப்பிட்டு வீட்ல உக்காந்து பார்த்திருக்கீங்களா?"

"அது இறங்கணும்னு சொல்லுது டீச்சர்."

"அது சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான். இருக்கிற இடத்துல இருக்க மாட்டா." இதைச் சொல்லிவிட்டு டீச்சர் பொரிந்த மீனை எண்ணெயிலிருந்து எடுத்து வைத்தாள். அப்புறம், "இந்தத் தடவை நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள். பஞ்சவர்ணம் மீனைச் சாப்பிடாமல் எழுந்து வந்தாள்.

அன்றைக்கு நிழலில் ஒரு இளம் தாய் தன் குழந்தைக்கு நடை பழக்கிக்கொண்டிருந்தாள். குழந்தையின் எதிரே குத்துக்காலிட்டுக் கையை நீட்டி வா வா என்றாள். குழந்தை இரண்டு எட்டு வைத்ததும் அவள் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தாள், குழந்தை ஏமாந்து இன்னும் இரண்டு எட்டு வைத்தது. அவள் நகராமல் இருந்திருந்தால் குழந்தை அவள் மடியில் வந்து விழுந்திருக்கும். பஞ்சவர்ணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று தான் நின்ற இடத்திலேயே நின்று கூப்பிட்டதால்தான் அது தன்மேல் இறங்கியது என்பது அவளுக்குப் புரிந்தது. ஆட்களை விலக்க முடியாவிட்டால் விமானத்தை நகர்த்தலாம். ஊருக்கு மேற்கே கண்மாய் வற்றி, தரை வெடித்து, ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்தது.

மறுநாள் காலை, டீக்கடை அடுப்பு புகைய ஆரம்பித்த நேரத்தில், மகளிர் குழுச் சாமான்களிலிருந்து இரண்டு பெரிய சிவப்புப் பிளாஸ்டிக் முறங்களை எடுத்துக்கொண்டு அவள் விமானத்துக்கு மேற்கே போய் நின்றாள். மட்டையை விட முறம் பெரிது, உயரத்துக்குத் தெரியும். அண்ணாந்து, பெனிட்டாவின் கண் இருக்கிற இடத்தைப் பார்த்து, முறங்களை இரண்டு பக்கமும் விரித்தாள். கண்ணாடிக்குள் ஏதோ அசைந்தது. வா என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள்.

விமானம் இறங்கவில்லை, முன்னால் நகர்ந்தது. நிழல் அதனோடு நகர்ந்தது.

டீக்கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். சூரியன் இருக்கிற இடத்துக்கும் நிழல் போகிற திசைக்கும் சம்பந்தமில்லையே என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, வழக்கம்போலக் கடையைத் தள்ளினார். வடைக்காரர் தள்ளினார், வளையல்காரர் தள்ளினார். டியூஷன் பிள்ளைகள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டார்கள். பஞ்சவர்ணம் முறங்களை ஆட்டி வா வா என்று பின்னோக்கி நடக்க, தலைக்கு மேலே விமானம் வர, அதன் கீழே கடைகளும் பெஞ்சுகளும் ஜனங்களும், தாம்பூலத் தட்டோடு படம் எடுக்க வந்திருந்த ஒரு கல்யாணக் கோஷ்டியும் வந்தார்கள். தடுக்க வந்தவர்களுக்கும் அவள் கையைப் பிடிக்கத் துணிச்சல் வரவில்லை, பிடித்தால் கை எந்தப் பக்கம் போகும், விமானம் எந்தப் பக்கம் விழும் என்று யாருக்குத் தெரியும். தலைவர் மட்டும் கூடவே நடந்து, இது சரியில்லை, இது சரியில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் கண் பெனிட்டாவின் மேலேயே இருந்தது. கண்ணை எடுத்தால் போயிற்று.

ஓடுபாதை முடிந்து வண்டித்தடம் தொடங்குகிற இடத்தில் அவள் குதிகால் ஒரு கல்லில் இடறியது. அவள் சாய்ந்தாள், முறங்கள் ஒன்றையொன்று நெருங்கின, விமானம் மூக்கை ஆட்டியது. அப்போது அவள் முதுகில் ஒரு உள்ளங்கை வந்து ஊன்றியது. திரும்பிப் பார்க்க முடியாவிட்டாலும் வியர்வையும் பெட்ரோலும் கலந்த வாடையில் அது சேவுகப்பெருமாள் என்று தெரிந்தது.

"ஏன்டி, பிளேன் போயிட்டா ஸ்டாண்டை நான் யாருக்குப் போட்டேன்?" என்றார் அவர்.

அவள் முறங்களை அகட்டிப் பிடித்தாள். "எனக்குப் பின்னாடி என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க."

ஸ்டாண்டில் அதற்குள் வந்துவிட்ட வண்டிகள் கயிற்றுக்குள் வெயிலில் தனியாக நின்றுகொண்டிருக்கும். பின்பு அவர், வண்டி நிறுத்துகிற அதே குரலில் ஆரம்பித்தார். நேரா வா. இடது பக்கம் கல்லு, காலைத் தூக்கி வை. ஒடி. இன்னும் ஒடி. இது பாலம், கட்டை சுவரு கையில படும். கரண்டு கம்பி வருது, பிளேன் உசரத்துல இருக்கு, இடிக்காது, நீ வா. அவர் சொன்னதை அவள் செய்தாள், அவள் சொன்னதை விமானம் செய்தது. ஊர்ச் சாவடி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் அவளுக்கு முன்னால் தோன்றிச் சின்னதாகிக்கொண்டே போயின.

கண்மாய்க் கரை வந்தது. சேவுகப்பெருமாள் இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்து, ஏறு, ஏறு என்று கரைமேல் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கினார். சக்கரம் வைத்த கடைகளால் கரை ஏற முடியவில்லை. டீக்கடைக்காரர் தள்ளிப் பார்த்தார், வடைக்காரர் வந்து தோள் கொடுத்தார், பாய்லர் சரிந்து வெந்நீர் கொட்டியது, விட்டுவிட்டார்கள். நிழல் அவர்களைத் தாண்டிக் கரையேறிப் போயிற்று. நிழலை விட்டு வெயிலுக்கு வந்த ஜனங்கள் அதற்கு மேல் போக மனமில்லாமல் கரைமேல் வரிசையாக நின்றார்கள்.

கண்மாயின் நடுவில், வெடித்த தரையில், முன்னாலும் பின்னாலும் ஒரு உயிரும் இல்லை. பஞ்சவர்ணம் புருஷனைக் கரைக்குப் போகச் சொன்னாள். அவர் போனார். முறங்களைக் கீழ்நோக்கிப் பிடித்து, அடுப்பைத் தணிக்கிற மாதிரி மெதுவாக அழுத்தி அழுத்திக் காட்டினாள். ஓடிவருகிற விமானத்தை மெதுவா, மெதுவா என்று சொல்லும் சைகை அது. தரையில் ஓடாமல் மேலே நிற்கிற விமானத்துக்கு அது என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியாது. பெனிட்டாவுக்குத் தெரிந்தது. விமானம் ஒரு முழம் இறங்கியது, இன்னொரு முழம் இறங்கியது. கண் இருக்கிற இடம் கண்ணானது. கண் இமைத்தது. சக்கரங்கள் தரையைத் தொட்டு, புழுதி எழும்பி, அவள் முகத்தில் அடித்தது. அவள் இருமிக்கொண்டே முறங்களைத் தலைக்கு மேல் குறுக்கே போட்டாள், விசிறி இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அத்தனை மாதத்துக்குப் பிறகு விசிறிச் சத்தம் நின்றதும் ஊர் தன் காதுதான் போய்விட்டதென்று நினைத்தது.

பெனிட்டா கதவைத் திறந்து காலைத் தரையில் வைத்தாள், நிற்க முடியாமல் உட்கார்ந்தாள். ஸ்டெல்லா டீச்சர் கரையிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, முத்தமிடவில்லை, நாடி பார்க்கிறவளைப் போல மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தாயின் அறைக்குப் போய்ச் சாப்பிட்டு, வெந்நீரில் குளித்து, கண்மாய்க்குத் திரும்பி வந்து கொஞ்ச நேரம் மண்ணில் மல்லாந்து படுத்திருந்துவிட்டு, பெனிட்டா எழுந்து விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தாள். மழை பெய்தால் கண்மாய் நிரம்பிவிடும், இங்கே விட முடியாது, கொண்டுபோய்விடுகிறேன் என்றாள். லாரியில் ஏற்றலாம், ரயிலில் போகலாம், இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று டீச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னாள், மறுபடி பிடித்த மணிக்கட்டை விடவில்லை. இதற்கிடையில் சேவுகப்பெருமாள் யாரிடமும் கேட்காமல், ஸ்டாண்டில் விற்க வைத்திருந்த பெட்ரோல் கேன்களைக் கொண்டுவந்து, வேட்டித் துணியில் வடிகட்டி விமானத்தில் ஊற்றினார். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற பெட்ரோலையே குடிக்கிற ஜாதி அது.

பேச்சு முடியாமல் தாயும் மகளும் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்கள். போகட்டும் என்று காட்டுவாளா என்று ஒருத்தி, நிற்கட்டும் என்று காட்டுவாளா என்று ஒருத்தி. பஞ்சவர்ணம் முறங்களைக் கீழே வைத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பார்க்காதே தாயி. என் கையைப் பார்த்து ஒரு தடவை நின்னது போதும்."

பெனிட்டா அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தாயின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள், எடுத்த விரல்களை ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டாள். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். விசிறி சுற்றியது. இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், யாரும் கைகாட்டாமல், வெடித்த தரையில் தானே திரும்பி, தடதடவென்று ஓடி, எழும்பினாள்.

கரைமேல் இருந்தவர்கள் ஒரு சுற்றுச் சுற்றி வருவாள் என்று எதிர்பார்த்தார்கள், வரவில்லை. விமானம் தெற்கே போய்ச் சிறுத்தது. டீக்கடைக்காரர் கடையைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போகப் பாதை பார்த்தார். கண்மாய்க்குள் இரண்டு பெண்கள் மட்டும் நின்றார்கள். ஸ்டெல்லா டீச்சரின் வலது கை, போய்வா என்று சொல்லவா, இங்கே வா என்று கூப்பிடவா என்று அவளுக்கே தெரியாமல் மெல்ல மேலே எழுந்து, தலைக்கு மேல் போய் விரிந்து நின்றது.

பஞ்சவர்ணம் அந்தக் கையை எட்டிப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"வேணாம் டீச்சர்" என்றாள். "அங்கிருந்து பார்த்தா என்னன்னு நினைப்பாளோ."